குடுகுடு

இருபது கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை
ஏதேனும் ஓர் எண்ணை வட்டமிட வேண்டும்.
நான் இடையில் நின்று மொழிபெயர்ப்பவன்.
நாள் கூலி, மதியம் சோறும் பீன்ஸ் குழம்பும்.

முதல் கேள்வியிலேயே இடறினேன்.
'அந்த அதிர்ச்சி நிகழ்வு' என்றிருந்தது தாளில்.
லேயோகானில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை.
தரை போட்ட சத்தத்தையே
அதற்குப் பெயராக வைத்துவிட்டோம்:
குடுகுடு.
குடுகுடுவுக்கு முன்னால் கட்டிய பள்ளி,
குடுகுடுவில் போனவர்கள்,
குடுகுடு அன்று பிறந்து
இப்போது பல் விழுந்து நிற்கிற பையன்.

ஜப்பானிலிருந்து வந்த செவிலி மிசாவோ
வாய்க்குள் அதைச் சொல்லிப் பார்த்தாள்.
பேனாவைக் கீழே வைத்தாள்.
மறுபடி எடுத்தாள்.

எதிரில் இஸ்மனி, வாழைக்காய் பொரித்து விற்பவள்.
முழங்கைவரை எண்ணெய் தெறித்த புள்ளிகள்.
'வேண்டாத நினைவுகள்
திரும்பத் திரும்ப வருகின்றனவா?'
'வேண்டாத நினைவா?
அது என் மகனாச்சே.'

எந்த எண்ணை வட்டமிட?

'தூக்கம் எப்படி?'
'என் வீடு விழவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.
ஆறு வருஷமாய் முற்றத்து மண்ணில்
தார்ப்பாய்க்கு அடியில் படுக்கிறேன்.
தார்ப்பாய் விழுந்து யாரும் செத்ததில்லை.'
தூக்கத்தைப் பற்றி
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

'சட்டென்று திடுக்கிடுவதுண்டா?'
எங்கள் பேச்சில் இதயம் துள்ளும்,
தலை கிளம்பி எங்கோ போய்விடும்,
ரத்தம் கெட்டுத் தாய்ப்பாலையும் கெடுக்கும்.
மூன்றையும் சொன்னாள்.
மிசாவோ மூன்றையும் ஓரத்தில் எழுதினாள்,
தாளில் அவற்றுக்குக் கட்டம் இல்லை.

அப்போதுதான் அந்த லாரி.
ஜல்லி ஏற்றியது, எங்கோ கட்டடம் எழும்புகிறது.
மேசை நடுங்கியது.
குவளைத் தண்ணீரில் வட்டத்துக்குள் வட்டம்.

நான் கதவருகே நின்றிருந்தேன்,
எப்படி வந்தேன் என்று தெரியாது.
என் சட்டையைப் பிடித்தபடி இஸ்மனி.
எங்கள் இருவருக்கும் முன்னால், வெளியே,
கொளுத்துகிற வெயிலில், வெறுங்காலில்,
மேசைக்கடியில் கழற்றி வைத்திருந்த ஷூக்களை
மார்போடு அணைத்துக்கொண்டு
ஜப்பான்காரி.

லாரி போய்விட்டது. புழுதி போகவில்லை.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
பிறகு பார்த்தோம்.

'உங்க ஊரிலும் குடுகுடுவா?'
இஸ்மனி கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை.
அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

'கோபே. விடியாத நேரம். எனக்குப் பதினேழு வயது.
கண்ணாடிச் சில்லின் மேல் நடந்து வெளியே வந்தேன்.
இருபத்தோரு வருஷமாய்
ஷூ கைக்கெட்டாத இடத்தில் நான் படுப்பதில்லை.
இதை அங்கே யாரிடமும் சொன்னதில்லை.
பொறுத்துக்கொள்வதற்கு எங்களிடம் ஒரு சொல் உண்டு.
நல்ல சொல்.
ஒரு தெருவையே அதற்குள் புதைக்கலாம்.'

இஸ்மனிக்கு அதை அப்படியே சொன்னேன்.
'புதைக்கலாம்' என்பதை மட்டும் மாற்றி
'வைக்கலாம்' என்றேன்.
அவள் மகன் இன்னும் கிடைக்கவில்லை.

'இவளுக்கு எத்தனை போடுவீங்க,
பூஜ்யமா, நாலா?' என்றாள் இஸ்மனி.
மிசாவோ சிரித்தாள்.
ஷூக்களை இன்னும் கீழே வைக்கவில்லை.
எனக்கு எத்தனை என்று இருவருமே கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
மொழிபெயர்க்க நேரமாகிறது என்றிருப்பேன்.

மீதிக் கேள்விகளை
அடுத்த செவ்வாய்க்கிழமை வைத்துக்கொள்வோமா என்றேன்,
வாய் தவறி.
இங்கே குடுகுடு வந்தது ஒரு செவ்வாய்.
இருவரும் ஒரே நேரத்தில்
வேண்டாம் என்று தலையசைத்தார்கள்.
கோபேயில் அன்று என்ன கிழமை என்று
நான் கேட்கவில்லை.

புதன் என்று எழுதிக்கொண்டேன்.